காட்டுப்பன்றிக்குத் தக்க தோட்டா எது?

காஞ்சிபுரம் ஜில்லாவில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய ஆறுகளின் ஓரங்களிலும், நீர் வற்றிய ஏரிகளின் உட்புறங்களிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் இடங்கள் பல உள. இப்புதர்களில் பகலெல்லாம் படுத்திருக்கும் காட்டுப்பன்றிகள், பொழுது சாய்ந்தபின் வயல்களில் இறங்குகின்றன. நிலக்கடலை காய் பிடிக்கும்பொழுதும், நெற்கதிர் பால் பிடிக்கும்பொழுதும், கரும்பு இனிப்பேறும்பொழுதும் இவற்றால் விளையும் சேதம் மிகுதி. பன்றி தின்னும் அளவு சிறிதே. கிளறியும் மிதித்தும் ஒடித்தும் பாழாக்கும் அளவே பெரிது. பெட்டைப்பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனுவதாலும், இப்பக்கத்து வயல்வெளிகளில் அதனை அடித்துண்ணும் பெரிய விலங்குகள் இன்மையாலும், இத்தொல்லை தானாகக் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்தகைய கிராமங்களில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பு. அப்பேச்சோடு தவறாமல் எழும் கேள்வி, "எல்லாவற்றிலும் வலுவான தோட்டா எது?" என்பதே. யானையையும் காட்டெருமையையும் மலைக்காட்டில் வேட்டையாடிய காலத்தில் இக்கேள்விக்கு ஒரு பொருள் இருந்தது. ஊருக்கு ஊர் அரைக்காத தூரமும் இல்லாத, வரப்பில் நின்றால் தறிச்சத்தம் காதில் விழும் காஞ்சிபுரத்துச் சமவெளியில் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பன்றியைத் துளைத்துச் சென்ற குண்டோ, பன்றியைத் தவறிய குண்டோ எங்கே போய் நிற்கும்? இதற்கு விடை கண்டபின்னரே தோட்டாவைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

சுடுவதற்கு உரியவர் யார்?

தோட்டாவைப் பற்றிச் சொல்லுமுன் சட்டத்தைச் சொல்லுதல் அவசியம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாய்விட்ட இவ்வட்டவணை விலங்கைக் கொல்வதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவரால் அதிகாரம் பெற்றவரோ காரணம் காட்டி எழுத்து மூலம் அனுமதி வழங்கலாம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்ட ஆணை இதனை மேலும் வரையறுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கிராம அளவில் ஆலோசிக்கும் குழுவில் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இடம் உண்டு.

ஆகவே, துப்பாக்கி லைசென்சு வைத்திருக்கும் மிராசுதாரரும் தம் விருப்பம்போல் பன்றியைச் சுட இயலாது. பயிர்ப்பாதுகாப்பின்பொருட்டு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்சு பெறலாம் என்பது உண்மையே. ஆயினும் அந்த லைசென்சு ஆயுதத்தை வைத்திருப்பதற்கு மட்டுமே உரியது. விலங்கைக் கொல்வதற்கு வேறு அனுமதி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி வழக்கில் சிக்குவோர் உளர். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொல்லுதல் குற்றமன்று என்று சட்டம் கூறுகிறது. கடலைக்கொல்லையைக் காத்தல் அந்த விலக்கினுள் அடங்காது. சுடப்பட்ட விலங்கின் உடல் அரசாங்கத்தின் சொத்தாகும். அதனைப் பங்கிட்டுக்கொள்வதும் குற்றமே.

சுடுபவர் வனத்துறையினராயினும், நிலத்தின் அமைப்பையும், பன்றி வரும் வழியையும், அண்டை வீடுகள் எங்கெங்கு உள்ளன என்பதையும் அறிந்தவர்கள் ஊராரே. எந்த இடத்தில், எவ்வகைத் தோட்டாவால் சுடுவது தகும் என்று குழுவில் பேசவேண்டியவர்களும் அவர்களே. கீழே கூறப்படுவன அதற்கு உதவுவன.

பெருவேட்டைத் தோட்டாக்களும் அவற்றின் இடமும்

தோட்டா என்பது நான்கு பகுதிகள் சேர்ந்தது. அடியில் விசையடி பட்டுத் தீப்பொறி தரும் கேப்பு, அதன்மேல் வெடிமருந்து, அதற்கும் மேலே குண்டு அல்லது ரவை, இவையனைத்தையும் அடக்கிய கூடு. ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுருள்வரி வெட்டப்பட்டது; அதன் ஒற்றைக் குண்டு சுழன்றுகொண்டே செல்வதால் நெடுந்தூரம் நேராகப் போகும். வழுவழுப்பான குழலையுடைய சாதாரணத் துப்பாக்கி, ரவைகளையோ ஒற்றை உருண்டையையோ குறைந்த தூரத்திற்குச் செலுத்தும்.

சென்னை மாகாணத்தில் காட்டுயானைகளைக் காக்க 1873-லும், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவ்வளவுக்கு அக்காலத்தில் வேட்டை மிகுந்திருந்தது. அந்நாளைய வேட்டைக்காரர் ·450 அளவுள்ள ரைபிள்களைப் பெரிதும் விரும்பினர். படையினரின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் அதே அளவு இருந்தமையால், தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போகும் என்று அஞ்சி, 1907-இல் இந்திய அரசாங்கத்தார் அவ்வளவைத் தடுத்தனர். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கிச் சாலைகள் ·465, ·470 முதலிய புதிய அளவுகளை ஆக்கி அனுப்பின. விலங்கின் தோல் தடித்துவிட்டதனால் அல்ல, சட்டத்தின் காரணமாகவே இப்புது அளவுகளிற் பல பிறந்தன என்பது வேடிக்கை. படையினரின் ·303 அளவும் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், ·315 என்னும் அளவு இந்தியாவில் நிலைத்தது. கல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூரில் செய்யப்படும் ரைபிள் இவ்வளவினதே. அதன் குண்டின் எடை 244 கிரெயின், அதாவது ஏறக்குறைய 16 கிராம்.

குண்டின் முனை பற்றியும் ஒரு சொல். முழுவதும் கடின உலோகம் போர்த்திய குண்டு விரியாமல் ஊடுருவும்; யானையின் மண்டையோட்டையும் காட்டெருமையின் தோளெலும்பையும் துளைக்க அதனையே கையாண்டனர். முனையில் ஈயம் வெளியே தெரியும்படி விட்ட குண்டு, உடலிற் பட்டதும் காளான்போல் விரிந்து பெருங்காயம் செய்யும். மான், பன்றி, புலி முதலியவற்றுக்கு அது பயன்பட்டது. கல்கத்தாவை ஒட்டிய டம்டம் படைக்கலச்சாலையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்கப்பட்ட இவ்வகைக் குண்டினால்தான் அவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. 1899-இல் ஹேக் நகரத்து மகாநாட்டில் போரில் அதனை உபயோகிக்கலாகாது என்று தீர்மானித்தனர். மனிதன்மேல் எய்யத் தகாதது என்று விலக்கப்பட்ட குண்டு, காயத்தோடு ஓடவிடாமல் விலங்கை விரைவில் வீழ்த்துவது என்பதால் வேட்டையில் நிலைத்துவிட்டது.

குண்டின் பருமன் மாத்திரம் விலங்கை வீழ்த்துவதில்லை. ஆப்பிரிக்காவில் பெல் என்னும் வேட்டைக்காரர் ·275 அளவுள்ள மெல்லிய குண்டால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். மண்டையோட்டில் எங்கு எய்தால் மூளையைத் தொடும் என்பதை அவர் அறுத்துப் பார்த்துக் கற்றிருந்தார். சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் புலிகளையும் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் ·405 வின்செஸ்டர் என்னும் ஒரே ரைபிளைப் பல்லாண்டுகள் கையாண்டார். பழகிய கருவியும் அறிந்த உடலமைப்பும் பெருங்குண்டினும் மேலானவை.

ஆயினும் ரைபிள் நம் வயல்வெளிக்கு உகந்ததன்று. ·315 ரைபிளின் குண்டு தடையின்றிச் சென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் போக்கும். மலைக்காட்டில் குண்டைத் தாங்க எதிர்மலை இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்து நன்செயில் ஏரிக்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கரையின்மேலோ வண்டிப்பாதை செல்லும்.

பன்னிரண்டு போரும் அதன் தோட்டாக்களும்

ஆதலின் இங்கு ஏற்றது 12-போர் துப்பாக்கியே. குழலின் விட்டத்திற்குச் சரியான ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமென்பதே இப்பெயரின் கணக்கு. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 20-போர் 12-போரினும் சிறியது. இது தெரியாமல் பெரிய எண்ணைப் பெரிய துப்பாக்கி என்று கொள்வோர் பலர்.

இதற்குரிய ரவைத் தோட்டாக்களில் 6-ஆம் எண் ரவை ஓர் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 270, 4-ஆம் எண் 170, பி.பி. 70; எஸ்.ஜி. 8, எல்.ஜி. 6. பறவைக்குரிய சிறு ரவைகளைப் பன்றியின்மேல் எய்வது கொடுமையும் முட்டாள்தனமுமாம். அவை தோலோடு நின்று புண்ணாகிப் புழுவைத்து, விலங்கைப் பல நாள் வதைத்துப் பின் கொல்லும். அதற்குள் அவ்விலங்கு எதிர்ப்பட்டவர்மேல் பாயும். பயமுறுத்தத்தானே என்று இதனைச் செய்வோர், மறுநாள் புல்லறுக்கப் புதரில் நுழையும் பெண்களை நினைப்பதில்லை.

மீந்திருப்பவை எல்.ஜி.யும் ஒற்றைக் குண்டும். எல்.ஜி. தோட்டாவின் ரவைகள், சோக் இல்லாத குழலிலிருந்து, கெஜத்திற்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் விரிந்துகொண்டு போகும். பதினைந்து கெஜத்தில் அவை பதினைந்து அங்குல வட்டத்துள் விழும். பன்றியின் நெஞ்சுப்பகுதி எட்டு ஒன்பது அங்குலமே ஆகையால், இரண்டு மூன்று ரவைகள் அங்கு படும், அது போதும். நாற்பது கெஜத்தில் வட்டம் நாற்பது அங்குலமாகிவிடும். அப்பொழுது நெஞ்சில் ஒன்று பட்டால் பாக்கியம். குடலிலும் பின்காலிலும் படுவதே அதிகம். எல்.ஜி. கூட்டமாய்ப் போவதால் குறி தவறாது என்ற நம்பிக்கையே காயப்பட்ட பன்றிகளுக்குப் பெரும்பாலும் காரணம்.

ஒற்றைக் குண்டு முப்பது கெஜம் வரை நம்பத்தக்கது. அதற்கு மேல், குழல் முனையில் ஒரு மணியை மாத்திரம் குறியாகக் கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் எய்வது கைவந்தவருக்கும் அரிது. எனவே பதினைந்து கெஜத்திற்குள் எல்.ஜி. அல்லது ஒற்றைக் குண்டு, பதினைந்து முதல் முப்பது வரை ஒற்றைக் குண்டு ஒன்றே, அதற்கப்பால் எதுவுமில்லை. பெரிய ஆண்பன்றியாயின் எத்தூரத்திலும் ஒற்றைக் குண்டே மேல். அதன் தோளில் கேடயம்போல் தடித்த நரம்புத்தோல் வளர்ந்து, சேறும் காய்ந்து ஒட்டியிருக்கும். ரவைகள் அதில் வலுவிழந்து போகும்.

ஒற்றைக் குண்டிலும் ஒரு பேதம் உண்டு. குழலின் முழு விட்டத்திற்குச் செய்த கெட்டி உருண்டையை, முனை குறுகிய சோக் குழலில் செலுத்தினால் குழல் வீங்கும் அல்லது கிழியும். இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இடக்குழல் பெரும்பாலும் சோக் உள்ளது. பக்கங்களில் வரிவிளிம்புகள் வைத்து, நெருக்கினால் ஒடுங்கும்படி செய்த குண்டுகள் சோக்கினூடும் செல்லும். பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தாலன்றி இதனை அறிய வழியில்லை.

பரணும் குண்டின் போக்கும்

உருண்டை ரவை அதிகமாய்ச் செல்லக்கூடிய தூரத்தை அறிய ஒரு பழங்கணக்கு இருக்கிறது. பிரெஞ்சுப் படைத்தலைவர் ழூர்னே வகுத்தது அது. ரவையின் விட்டத்தை அங்குலத்தில் கண்டு 2,200-ஆல் பெருக்கினால் கெஜத்தில் தூரம் கிடைக்கும். எல்.ஜி. ரவையின் விட்டம் ·36 அங்குலம். ஆகவே ஏறத்தாழ 790 கெஜம். 12-போரின் முழு உருண்டைக்கு 1,600 கெஜம். ரைபிளை நோக்கக் குறைவென்றாலும், ஓர் ஊரைத் தாண்ட இது போதும்.

இத்தூரத்தைச் சில கெஜமாகச் சுருக்குவது பரண். பன்னிரண்டடிப் பரணில் உட்கார்ந்து சுடுபவரின் குழல்முனை தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கெஜ உயரத்தில் இருக்கும். பன்றி பதினைந்து கெஜத்தில் நின்றால், அதன் நெஞ்சைத் துளைத்த குண்டு அப்பால் இரண்டு கெஜத்திற்குள் மண்ணில் புகும். முதுகிற்கு மேலே தவறிப்போன குண்டும் மூன்று நான்கு கெஜத்தில் மண்ணைச் சேரும். அதே பன்றியைத் தரையில் நின்று இருபத்தைந்து கெஜத்தில் சுட்டால், குண்டு மிகச் சாய்வாகத் தரையைத் தொட்டு, ஓடுசில்லைத் தண்ணீரில் எறிந்தாற்போல் எகிறிப் போகும். நாற்று விட்ட வயலின் நீர்ப்பரப்பும், கோடையில் இறுகிய களிமண்ணும் இவ்விஷயத்தில் கருங்கல்லுக்குச் சமானம். புதரைக் கொட்டடித்துக் கலைத்து, ஓடும் பன்றியைப் பலர் வளைந்து நின்று சுடும் வழக்கத்தை இவ்வயல்வெளியில் அறவே விடல் வேண்டும்.

இரவில் சுடுவதற்கு முன் மற்றொன்றையும் விசாரிக்கவேண்டும். மும்முனை மின்சாரம் இரவில் வரும் இடங்களில் குடியானவர் நடுச்சாமத்தில் பம்புசெட்டுப் போட வருவர். இருட்டில் குனிந்து மடை மாற்றும் ஆள், முப்பது கெஜத்தில், பன்றியைப்போலவே தோன்றுவான். அன்றிரவு அப்பகுதியில் நீர் பாய்ச்சுவோர் யார் யார் என்று எழுதி வாங்கி, ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்லிவைப்பது கிராம அலுவலரால் எளிதில் ஆகக்கூடிய காரியம். தண்டோராவை மட்டும் நம்புதல் போதாது. வெளியூரிலிருந்து குத்தகைக்கு வந்தவர் அதனைக் கேட்டிருக்கமாட்டார்.

குறி பற்றிச் சுருக்கமாக. பன்றியின் இதயம் முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றிலொரு பாகத்தில் உள்ளது. முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் உடல் உயரமாய்த் தோன்ற, பலர் மேலே சுட்டுத் தவறுகின்றனர். எதிரே வரும் பன்றியின் நெற்றி சரிந்திருப்பதால் குண்டு வழுக்கக்கூடும். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுப்பதே முறை. குண்டு பட்டு ஓடிய பன்றியை இரவில் தேடிப் புதரில் நுழையலாகாது. விடிந்தபின் இரத்தத்தடம் பார்த்து, துப்பாக்கி வைத்திருப்பவர் முன் செல்லத் தொடரவேண்டும்.

தோட்டாவால் விளையும் விபத்துகள்

தோட்டா அறையின் நீளம் பழைய துப்பாக்கிகளில் இரண்டரை அங்குலம், புதியவற்றில் இரண்டே முக்கால் அங்குலம். நீளத் தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் குட்டை அறையிலும் தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்பொழுது மடிப்பு விரிய இடமின்றி நெருக்கம் ஏறிக் குழலைக் கெடுக்கும். குழலின் அடியிற் பொறித்துள்ள அளவைத் தோட்டாப் பெட்டியிலுள்ள அளவோடு ஒப்பிடாமல் எந்தப் பழந்துப்பாக்கியையும் நிரப்பலாகாது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 20-போர் தோட்டாவைத் தவறி 12-போரில் போட்டால், அது அறையைக் கடந்து குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். குழல் காலியென்று எண்ணி அதன்பின் 12-போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடக்கை போய்விடும். இதன்பொருட்டே 20-போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைப்பது உலக வழக்கம். ஆயினும் ஒரே வீட்டில் இரண்டு அளவுத் துப்பாக்கிகள் இருந்தால் தோட்டாக்களை வெவ்வேறு பெட்டியிற் பூட்டிவைத்தலே நிறத்தை நம்புவதினும் மேல்.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் கருமருந்தன்றி, புதிய தோட்டாவை உடைத்தெடுத்த புகையில்லா மருந்தை ஒருபோதும் இடலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தால் காகிதக்கூட்டுத் தோட்டா உப்பும். உப்பியதைத் திணித்து நுழைக்கக் கூடாது. கேப்பின்மேல் எண்ணெய் பட்டால் வெடிக்காது போகும். விசை தட்டியும் வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிப்பதும் உண்டு. குழலை மண்ணை நோக்கியே பிடித்து, அரை நிமிஷமேனும் பொறுத்துத் திறக்கவேண்டும்.

தோட்டாவுக்குப் பதில் அவுட்டுக்காயும் மின்கம்பியும் வைப்போர் இன்னும் சில இடங்களில் இருக்கின்றனர். அவற்றுக்கு ஆளும் மாடும் பன்றியும் ஒன்றே. அவை சிறைக்கு உரிய குற்றங்கள் என்பதற்கு மேல் இங்கு விரிக்கவேண்டுவதில்லை.

ஏரியருகே சுடுதல்

1798-இல் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைக் குடிகள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இனிச் சுடலாகாது என்று கவுல் பெற்றனர். காஞ்சி வரதராஜர் கோயிலில் ஓர் ஆபரணத்தால் இன்றும் பேசப்படும் அதே பிளேஸ்தான் அவர். பறவையெச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமென்பதைக் குடிகள் அறிந்திருந்தனர். பரிவும் வரும்படியும் அந்த முறையீட்டில் கலந்திருந்தன. வேடந்தாங்கல் 2019 முதல் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது; எனினும் அங்கு தங்கும் பறவைகள் ஜில்லா எல்லையைப் பாராமல் சுற்றுவட்டத்து ஏரிகளில் எல்லாம் மேய்கின்றன.

நீர்ப்பறவைகள் இரைப்பையில் அரைப்பதற்குச் சிறுகற்களை விழுங்கும் வழக்கமுடையவை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை விலக்கப்பட்டது இதனாலேயே. ஏரி உட்புறத்தை நோக்கிப் பரண் கட்டாமல், மேட்டுக்கொல்லையை நோக்கிக் கட்டினால் ரவையும் நீரிற் சேராது, ஓசையும் பறவைகளை அவ்வளவு கலைக்காது. பறவைகள் கூடு கட்டும் கார்த்திகை முதல் மாசி வரை கரையருகே சுடும் ஏற்பாட்டைக் குழு தவிர்ப்பது நலம்.

சுட்டு முடிந்ததும் பரணின்கீழ் விழுந்த வெற்றுக்கூடுகளையும், ரவைக்குப் பின்னிருந்து தெறித்த பிளாஸ்டிக் வில்லைகளையும் பொறுக்கவேண்டும். கன்றுகாலிகள் அவற்றை மேய்ச்சலோடு விழுங்கும். எடுத்துவந்த தோட்டாக்கள் எத்தனை, வெடித்தவை எத்தனை, வெடிக்காதவை எத்தனை, மீந்தவை எத்தனை என்று அங்கேயே எண்ணி, குழுவினர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டபின்னரே பரணைப் பிரிக்கலாம்.